இறுகிப்போன வைப்பரும் உன் அப்பாவும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம், உன் அப்பா நலம், கொட்டகையில் நிற்கிற நம் ஜீப் பெரியவரும் ஒருவழியாக நலம். நீ நலமா, சளி விட்டதா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ‘ம்’ என்று ஒற்றை எழுத்தில் பதில் போடுவாய், அதனால் கேட்கப்போவதில்லை, நேரில் வந்ததும் உன் கன்னத்தைப் பார்த்து நானே தெரிந்துகொள்கிறேன். முதலில் அவசர விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் போனில் பேசும்போது பெரியவருக்கு ஒரு வைப்பர் மோட்டார் வாங்கி வருகிறேன் என்று சொன்னாயே, அதை வாங்காதே. வாங்கித் தொலைத்திருந்தால் போய்த் திருப்பிக் கொடுத்துவிடு. ஏன் என்று அப்போதே சொல்லியிருக்கலாமே என்பாய். உன் அப்பாவுக்குப் போன் என்றால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால்தான் பேசிய மாதிரி இருக்கும், நம் வீட்டு விஷயம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும், அதிலே நான் எதைச் சொல்ல, எதை மறைக்க. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி பொடியாக இருக்கிறதே என்று திட்டாதே, அதற்கும் காரணம் இருக்கிறது, படித்துக்கொண்டே வா.

நீ வருகிற தேதியைச் சொன்ன அன்றைக்கே வம்பு ஆரம்பித்துவிட்டது. மழைக்காலம், மலை ரோடு, நான் ஸ்டேஷனிலிருந்து டாக்ஸி பிடித்து வந்துவிடுகிறேன் என்று நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். போனை வைத்ததுதான் தாமதம், மனுஷர் முகம் தொங்கிப்போய்விட்டது. நான் உசுரோட இருக்கேன், ஜீப் உசுரோட இருக்கு, எம் பொண்ணு டாக்ஸியில வர்றதா என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். நியாயம்தான். மின்சார ஆபீஸில் வேலை பார்த்த காலம் முழுக்க அந்த மலை ரோட்டில் கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டே போனவர், ஆபீஸ் ஏலத்தில் அந்த ஜீப்பையே எடுத்து வீட்டுக்கும் கொண்டுவந்தவர், நீ காலேஜ் விட்டு வந்த ஒவ்வொரு லீவுக்கும் ஸ்டேஷன் வாசலில் பெரியவரை நிறுத்திக்கொண்டு காத்திருந்தவர். நான்தான் குறுக்கே விழுந்தேன். பெரியவரோட வைப்பர் இருக்கிற லட்சணத்துக்கு மழையில எங்கங்க போறது, பாதி ஆடும், பாதியில கோவிச்சிக்கிட்டு நின்னுடும், ஃபியூஸ் வேற போயிடும் என்றேன். அவர் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு, அப்போ வைப்பரைச் சரி பண்ணிட்டா உனக்குச் சம்மதம், அப்படித்தானே என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அந்த வைப்பர் இறுகிப்போனதில் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். போன மாதம் நடந்ததைக் கேள். தைக்கிற ரெயின்கோட்டுக்கு அளவு பார்க்கலாம் என்று என் தையல் கடைப் பொம்மைக்கு அதை மாட்டி, தொப்பியும் போட்டுக் கொட்டகை வாசலில் நிறுத்தியிருந்தேன். உன் அப்பா வெளியிலிருந்து வந்தவர் அதைப் பார்த்து, வாங்க வாங்க, எப்ப வந்தீங்க, ஏன் வெளியவே நிக்கிறீங்க, உள்ள வாங்க என்று உபசாரம் செய்கிறார். நான் தையல் மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழாத குறையாகச் சிரித்தேன். அவரும் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் என்று சமாளித்துவிட்டார். அப்புறம் யோசித்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்திரை அட்டையைக் கை நீட்டுகிற தூரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறார், காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டு டம்ளரைத் திட்டுகிறார். கண் டாக்டரிடம் போகலாம் என்றால் என் கண்ணுக்கு என்ன கேடு, பல்புதான் மங்கல் என்று பல்பை மாற்றினார். வீட்டில் இப்போது எல்லா அறையிலும் புது பல்பு, வந்து பார், கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஆக மழையில் வண்டியை எடுக்காமல் இருக்க எனக்கு அந்த வைப்பர் ஒன்றுதான் துணை, அதையும் சரி பண்ணக் கிளம்பிவிட்டார்.

அடுத்த நாளே உன் மாமா வந்து இறங்கினான். என் தம்பியைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, முழங்கால் வலி என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் போனில் வீடியோ பார்த்தே ரிப்பேர் பண்ணிவிடுவான். கண்ணாடியில அழுக்கு, அதான் வைப்பர் திக்குது, டூத் பேஸ்ட் போட்டுத் தேச்சா வழவழன்னு ஆயிடும் மாமா என்றான். உன் அப்பாவும் சரி என்று தலையாட்ட, வீட்டில் இருந்த பெரிய டியூப் முழுவதையும் கண்ணாடியில் பிதுக்கித் தேய்த்தான். காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் முழுக்க நான் வெந்நீர் வைத்துக் கொடுக்க, அவர்கள் இரண்டு பேரும் துடைத்தார்கள், மறுநாள் காலையில் பல் தேய்க்க வீட்டில் பேஸ்ட் இல்லை. பிறகு புது ரப்பர் பிளேடு வாங்கி மாட்டினார்கள். சுவிட்சைப் போட்டால் பழைய குருடி கதைதான், உர்ர்ர் என்று ஒரு முனகல், கண்ணாடியில் முக்கால்வாசி தூரம், அப்புறம் நின்றுவிட்டது, ஃபியூஸ் போயிற்று. உன் மாமாவுக்கு அசடு வழிந்தது.

அதற்குப் பிறகுதான் உன் அப்பா தன் வேலையைத் தன் பாணியில் ஆரம்பித்தார். பெரியவருக்கு வைப்பர் மேலே இருந்து தொங்குகிற மாதிரி இருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். கண்ணாடிக்கு மேல் உள்பக்கம் ஒரு சின்ன மோட்டார், அதிலிருந்து ஒரு கம்பி போய் இரண்டு வைப்பரையும் சேர்த்து ஆட்டும். போதாததற்குப் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு கைப்பிடி, மோட்டார் படுத்துவிட்டால் கையால் ஆட்டிக்கொள்வதற்கு. நீ சின்னவளாக இருந்தபோது அதைப் பிடித்து ஆட்டுவேன் என்று அழுது அடம் பிடிப்பாயே, அதே கைப்பிடி. இப்போது அதைப் பிடித்துத் தொங்கினாலும் அசையாது. உன் அப்பா மோட்டாரிலிருந்து அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டார், மோட்டார் ஜம்மென்று சுற்றியது. பாத்தியா, மோட்டார் தங்கம், குத்தம் அங்க இல்ல என்றார். பிறகு இரண்டு வைப்பரையும் தனித்தனியாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஓட்டுகிறவர் பக்கம் உள்ளது முக்கி முனகி அசைந்தது, பக்கத்து சீட்டுப் பக்கம் உள்ளது சுவரில் அறைந்த ஆணி மாதிரி நின்றது. எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி ஒரு வழியாக அந்த ஷாஃப்ட்டை வெளியே உருவினார்கள். உருவிப் பார்த்தால், அடியே, அது நீலமாக இருக்கிறது! நம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணி நீலம்! விரல் தடிமனுக்கு அதைச் சுற்றிக் கம்பளி மாதிரி பஞ்சு அப்பிக்கொண்டு, எண்ணெய்ப் பிசினோடு சேர்ந்து கட்டிப்போயிருக்கிறது.

உன் அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாருடா, உங்கக்கா ஊருப் பிள்ளைங்களுக்குத் தச்சது போதாதுன்னு வைப்பருக்கும் யூனிஃபார்ம் தச்சுப் போட்டிருக்கா என்று உன் மாமாவிடம் காட்டினார். என் வெட்டுகிற அறையின் காற்றாடி அந்தக் கொட்டகைப் பக்கம்தானே திரும்பியிருக்கிறது, வருஷக்கணக்காகத் துணிப் பஞ்செல்லாம் பெரியவர் மேல் போய்ப் படிந்திருக்கிறது. சரி, பஞ்சு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பஞ்சு ஒட்டுவதற்குப் பிசின் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மனுஷர் பேச்சை மாற்றினார். நான் விடவில்லை. கடைசியில் குட்டு உடைந்தது. என் தையல் மெஷின் எண்ணெயை எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டுபோய் வாராவாரம் வைப்பருக்குச் சொட்டு விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! எண்ணெய் பாட்டில் இப்படிக் காலியாகிறதே என்று நான் கடையில் வேலை செய்கிற பெண்களையெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன், திருடர் என்னோடுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆகப் பஞ்சு நான் கொடுத்தேன், பிசின் அவர் கொடுத்தார், இரண்டு பேரும் சேர்ந்து பெரியவரின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறோம். இதைச் சொல்லிச் சொல்லி அன்றைக்கு மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் உன் மாமாவுக்கு முழங்கால் வலி மறந்துவிட்டது.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்து, பொடி உப்புத்தாளால் பளபளக்க வைத்து, புது கிரீஸ் தடவி மாட்டினார்கள். எண்ணெய் வேண்டாம், கிரீஸ்தான் என்று உன் அப்பா யாரோ தப்பு செய்த மாதிரி எங்களுக்குப் பாடம் எடுத்தார். மாட்டுகிற நேரத்தில் உன் மாமா அந்தச் சின்ன வளையக் கிளிப்பைக் கீழே போட்டான். அது நேராகப் போய் என் வெட்டுத்துணிக் குவியல் ஓரத்தில் விழுந்தது. உன் அப்பா குனிந்து தேடினார், தேடினார், தன் கால் பக்கத்திலேயே கிடந்ததைத் தாண்டித் தாண்டித் தேடினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஊசி பொறுக்குகிற காந்தத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன், ஒரு தடவு தடவினார், டக்கென்று ஒட்டிக்கொண்டது. எங்கிட்ட தப்ப முடியுமா என்றார். எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டால் இரண்டு வைப்பரும் கண்ணாடியை விட்டுவிட்டு மேலே ஆகாயத்தைப் பார்த்து இப்படியும் அப்படியும் ஆடுகின்றன, ஊருக்குப் போகிற பெரியவர் எல்லோருக்கும் டாட்டா காட்டுகிற மாதிரி! தலைகீழாக மாட்டிவிட்டார்கள். உன் மாமா இப்படியே இருக்கட்டும் அக்கா, மேல விழுற மழையை மேலயே தள்ளிவிட்டுடும் என்றான். நல்லவேளை, அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கழற்றித் திருப்பி மாட்டியதும், அடேங்கப்பா, என்ன ஒரு ஓட்டம் தெரியுமா! ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பார்த்தோம், சர் சர்ரென்று வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போய் வந்தது. உன் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து நிற்கிற வண்டியையே ஓட்டுகிற மாதிரி சிரித்தார். நானும் கை தட்டினேன். தட்டினேனே தவிர, மழைக்கு எனக்கு இருந்த ஒரே துணையும் போயிற்று.

அப்புறம் மழைக்குக் காத்திருந்தோம். அந்த நாட்களில்தான் உன் அறையை ஒழித்தேன், அதில் இருந்த துணி மூட்டைகளைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன், உன் அலமாரிக் கதவு இன்னும் மூடாது, நீ வந்து பழையபடி உதைத்து மூடிக்கொள். மேல் கூரையில் ஒரு ஓட்டையும் அடைத்தாயிற்று. மழை ஒரு சாயங்காலம் வந்தது. உன் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார், வா, ரெண்டாவது வளைவு வரைக்கும் போயிட்டு வருவோம் என்று. ஏறி உட்கார்ந்தேன். வைப்பருக்கு என்ன குறை, கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்கிறது, ஒவ்வொரு துளியும் விழுந்ததும் துடைத்துக்கொண்டு போகிறது. ஆனால் உன் அப்பா ஸ்டியரிங் மேல் மார்பை வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறார். முதல் வளைவு தாண்டினோம். அங்கே ஓரமாக ஒரு ஆள் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான். எனக்கு அவன் சட்டைக் கட்டம் கூடத் தெரிகிறது. அவர் வேகத்தைக் குறைப்பார், ஒதுங்குவார் என்று பார்க்கிறேன், குறைக்கவில்லை, ஒதுங்கவில்லை, நேராகப் போகிறார். ஏங்க என்று நான் கத்திய கத்தல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. பிரேக்கை மிதித்தார். பெரியவர் வழுக்கி, திரும்பி, அந்த ஆளுக்கு இரண்டு கை தூரத்தில் நின்றார். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் குடைக்குள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

உன் அப்பா எஞ்சினை நிறுத்தவில்லை. வைப்பர் போய் வந்து போய் வந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வைப்பர் நல்லாத்தான் துடைக்குது என்றார். என்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பிறகு இறங்கி, மழையில் நனைந்துகொண்டே வண்டியைச் சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்து, இடுப்பு புடிச்சிக்கிச்சு, நீ ஓட்டு என்றார். நான் ஊருக்குள் யூனிஃபார்ம் சரக்கு போடத்தான் பெரியவரை எடுத்திருக்கிறேன், அதுவும் வெயிலில். மழையில், மலை ரோட்டில் ஒரு நாளும் தொட்டதில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வராது என்று எப்படிச் சொல்வது. ஓட்டுகிற பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, வண்டியைத் திருப்பி, மெல்ல மெல்ல வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். நான் கியரை எத்தனை தடவை கரகரவென்று உறும வைத்தேன் தெரியுமா, ஒரு தடவை கூட அவர் திட்டவில்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

வீட்டுக்கு வந்தவர் அதற்கப்புறம் கொட்டகைப் பக்கமே போகவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்லவில்லை, உன் மாமா போன் செய்தால் பேசவில்லை, பல்பைக் கூடத் திட்டவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலாவது இரண்டு வார்த்தை நானும் பதிலுக்குப் பேசுவேன், அதுவும் இல்லை, சாதுவாக உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் மத்தியானம் தானாகவே, டாக்ஸியிலயே வந்துடச் சொல்லு, பாவம், அவளுக்கு எதுக்கு அந்த ஜீப்புல குலுக்கல் என்றார். எனக்கு அந்த வார்த்தைதான் தாங்கவில்லை. சத்தம் போட்டு, அடம் பிடித்து, சட்டம் பேசுகிற மனுஷரோடு நான் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் குடும்பம் நடத்துவேன், இப்படி விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவரை வைத்துக்கொண்டு எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். அழுது முடித்ததும் ஒரு யோசனை வந்தது.

அவர் குளிக்கப் போன நேரத்தில் கொட்டகைக்குப் போனேன். மோட்டாருக்குப் பின்னால் வருகிற வயரைப் பிடித்து இழுத்தேன், வந்துவிட்டது. அதை அப்படியே தொங்கவிட்டால் கண்டுபிடித்துவிடுவார், அதனால் ஜீப் கூரையின் மேலுறை இருக்கிறதே, நானே தைத்துப் போட்ட அந்தக் கெட்டித்துணி உறை, அதன் ஓரத்து மடிப்புக்குள் வயரைச் செருகி, மேலே கையால் நாலு தையல் போட்டு மூடிவிட்டேன். பிறகு ஒன்றும் தெரியாதவள் மாதிரி சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஏங்க, உங்க தங்க மோட்டார் படுத்துடுச்சு என்று கத்தினேன். வந்தார், சுவிட்சைப் போட்டார், தட்டினார், மேலே கையை விட்டுத் தடவினார், மோட்டாரைக் கழற்றுகிறேன் என்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆமா, போயிடுச்சு போல என்றார், அவ்வளவுதான். சரி, ஆனால் எம் பொண்ணை டாக்ஸியில வரச்சொல்ல எனக்கு மனசில்லை, நானே பெரியவரை எடுத்துக்கிட்டுப் போறேன், ஆனா கியரையும் பார்த்து ரோட்டையும் பார்த்து இந்தக் கைப்பிடியையும் ஆட்ட எனக்கு மூணாவது கை இல்லை, யாராவது பக்கத்துல உக்காந்து துடைச்சாத்தான் ஆச்சு, என் தம்பியைக் கூப்பிடட்டுமா என்றேன். உன் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவனையா, அவன் டூத் பேஸ்ட் போட்டுத் துடைப்பான், நகரு என்று பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து மழை வந்தால் போதும், இரண்டு பேரும் கிளம்பிவிடுகிறோம். கைப்பிடி இப்போது ஒரு விரலால் தள்ளினாலே போகிறது, அவர்கள் போட்ட கிரீஸ் அப்படி. தூறலுக்கு ஒரு வேகம், பெருமழைக்கு ஒரு வேகம், ராகம் போட்டு ஆட்டுகிறார். அந்த ரோட்டைப் பார்க்க அவருக்குக் கண்ணே வேண்டாம், தெரியுமா. இப்போ எடதுபக்கம் ஒரு கம்பம் வரும், அதைத் தாண்டினதும் ஹாரன் அடி, அடுத்தது சின்னப் பாலம், ஓரமா போகாதே, தண்ணி நிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார், சொன்னபடியே ஒவ்வொன்றாக வருகிறது. நடுவே நடுவே திட்டும் திரும்பி வந்துவிட்டது. துணி வெட்டுற மாதிரி நேரா போறியே, ரோடு வளையுது பாரு, கிளட்ச் என்ன உன் மெஷின் மிதியா, காலை எடு என்கிறார். உன் மாமாவிடம் போனில், ஸ்பீக்கரில்தான், என்ன சொன்னார் தெரியுமா, வண்டியை அவ ஓட்டுறா, ஆனா நான் துடைச்சாத்தான் அவளுக்கு ரோடு தெரியும் என்றார். பெருமை பிடிபடவில்லை மனுஷருக்கு. எனக்கும்தான். நேற்று மலை உச்சி வரைக்கும் போய் வந்துவிட்டோம், ஒரு லாரிக்காரர் எனக்கு வழி விட்டுக் கை காட்டினார் என்றால் பார்த்துக்கொள்.

இப்போது புரிகிறதா மோட்டார் ஏன் வேண்டாம் என்று. மோட்டார் படுத்த கதையைக் கேட்டு நீ வாங்கி வருகிறேன் என்றதும் உன் அப்பா, எதுக்கும்மா உனக்கு அந்தச் சுமை, வேணாம் வேணாம் என்றாரே, செலவுக்குப் பயந்து சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், எப்படியோ எனக்குச் சாதகமாகப் போயிற்று. நீ ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஓட்டுகிற இடத்தில் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டாதே, இதுதான் வழக்கம் என்கிற மாதிரி பின்னால் ஏறி உட்கார்ந்துவிடு. நானும் கைப்பிடியை ஆட்டுகிறேன் என்று பழைய அடத்தை எடுத்துவிடாதே, அது இப்போது அவர் உத்தியோகம். மேலுறை மடிப்பில் புதுத் தையலைப் பார்த்தால் பார்க்காத மாதிரி இரு. இன்னொன்று, கண் டாக்டர் விஷயம். நான் சொன்னால் கேட்க மாட்டார், நீ சொன்னால் ஒருவேளை கேட்பார், எனக்குக் கண்ணாடி மாத்தணும்பா, கூட வாங்க என்று உனக்கு ஏதோ வேலை இருக்கிற மாதிரி கூட்டிக்கொண்டு போய், அங்கே உட்கார வைத்துவிடு. சண்டை போடாதே, கெஞ்சவும் வேண்டாம்.

கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, இதோடு நிறுத்துகிறேன். ரயிலில் கீழ்ப் படுக்கையாகப் பார்த்து எடு, ஜன்னல் ஓரத்தில் தலையை வைத்துத் தூங்காதே, யாராவது கொடுத்தால் வாங்கித் தின்னாதே, உனக்கு வயசு என்ன ஆனாலும் இதைச் சொல்லாமல் என்னால் கடிதத்தை முடிக்க முடியாது. நோய் நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்த வேலையோடு, கேட்கிறதற்கு முன்னால் சிரிக்கிற உன் அந்தச் சிரிப்போடு நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மோட்டார் வேண்டாம், மறந்துவிடாதே. கீழே உன் அப்பாவுக்கு இடம் விட்டிருக்கிறேன், இப்போதெல்லாம் அவர் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு தட்டு அளவு இருக்கிறது, அதனால் நிறையவே விட்டிருக்கிறேன். நான் எழுதியதை அவர் படிக்க மாட்டார், படிக்க முயற்சி செய்தாலும் இந்த எறும்புகள் அவருக்குத் தெரியாது, எழுதி, அவரே ஒட்டி, அவரே தபாலில் போட்டுவிடுவார்.

உன்னை ஸ்டேஷன் வாசலில் தேடப்போகிற
அம்மா

அன்புள்ள மகளுக்கு அப்பா ஆசீர்வாதம். அம்மா வண்டி நன்றாக ஓட்டுகிறாள், அவளிடம் சொல்லிவிடாதே, தலைக்கு ஏறிவிடும். நீ வந்ததும் என்னோடு கண் டாக்டரிடம் வா, அம்மா வந்தால் அங்கேயும் அவளே பேசுவாள். மோட்டார் வாங்கி வராதே. அதில் ஒரு கோளாறும் இல்லை. உன் அம்மா வயரை மேலுறை மடிப்புக்குள் வைத்துத் தைத்திருக்கிறாள். கை பட்டதுமே தெரிந்துவிட்டது, இவள் தையல் எனக்குத் தெரியாதா. நான் பிரிக்கவில்லை. நீயும் பிரிக்காதே.

அப்பா